தலைவர் வீட்டு முகவரி

மடுல்கெல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில், தொழிலாளர்கள் வரிசையாக வசிக்கும் லயத்து வீடுகளுக்குத் தனி முகவரி கிடையாது. எல்லோருடைய கடிதமும் தோட்டத்து ஒப்பீசுக்குத்தான் வரும். யார் பிரிப்பார்கள், எப்போது கொடுப்பார்கள் என்று சொல்ல முடியாது. அதனால் முக்கியமான கடிதமென்றால் டவுனில் வீடுள்ள ஒருவரின் முகவரியைக் கொடுப்பார்கள். கொழுந்து பறிக்கும் வீரம்மா, தொழிற்சங்கத் தலைவர் சின்னமுத்துவின் முகவரியைக் கொடுத்திருந்தாள். கொரோனாக் காலத்தில் தோளில் அரிசி சுமந்து லயம் லயமாக வந்தவர் அவர்.

அவளுடைய மகன் சுமன், தள்ளிப்போட்ட உள்ளூராட்சித் தேர்தலை நடத்தச் சொல்லிக் கண்டியில் நடந்த ஊர்வலத்துக்குப் போனான். பொலிஸ் பிடித்தது. ஏழு மாதமாக மறியலில், சிறைக்குள் இருக்கிறான். பொலிஸ் அடித்ததில் இடது காது கேட்பதில்லை. அதைப் பற்றி வீரம்மா கண்டி மனித உரிமை அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்தாள். விசாரணைக்குக் கூப்பிட்டு, அவள் கொடுத்த முகவரிக்குக் கடிதம் வரும் என்றார்கள். மூன்று மாதமாகியும் வராததால் ஒரு திங்கட்கிழமை அவளே கண்டிக்குப் போனாள்.

அங்கிருந்த உத்தியோகத்தர் நிரோஷினி கோப்பைத் திறந்து பார்த்தாள்.

"விசாரணை போன மாசமே வச்சாச்சும்மா. பொலிஸ் வந்தாங்க. நீங்கதான் வரல."

பதிவுத் தபால் கிடைத்ததற்கான அட்டையையும் காட்டினாள். அந்தக் கையெழுத்தை வீரம்மாவுக்குத் தெரியும். அவளுடைய சங்க அட்டையில் தலைவர் போட்டதும் அதே கையெழுத்துதான்.

"மறந்திருப்பாரு," என்றாள் வீரம்மா.

நிரோஷினி அவளுக்குப் பால் விடாத ஒரு பிளேன்ரீ வரவழைத்துக் கொடுத்தாள். வராததற்கான காரணத்தை இரண்டு வாரத்துக்குள் எழுதிக் கொடுக்காவிட்டால் முறைப்பாட்டுக் கோப்பை மூடிவிடுவார்கள் என்றும், சொன்னால் தானே எழுதித் தருவதாகவும் சொன்னாள். தலைவரிடம் கேட்காமல் அவர்மேல் ஒரு வார்த்தையும் சொல்ல வீரம்மாவுக்கு மனம் வரவில்லை.

திரும்பும் வழியில் டவுனில் இறங்கி அவர் வீட்டுக்குப் போனாள். சின்னமுத்து கதிரை போட்டு உட்காரவைத்தார். மறைக்கவில்லை. கடிதத்தைக் கட்சி அமைப்பாளரிடம் கொடுத்துவிட்டாராம். தேர்தல் வந்தால் கட்சியின் வேட்பாளர் பட்டியலில் சின்னமுத்துவின் பெயரும் இருக்குமாம். அவருடைய தோட்டத்திலிருந்தே பொலிசுக்கு எதிராக ஒரு முறைப்பாடு போவது கட்சிக்காரர்களுக்குப் பிடிக்கவில்லையாம்.

"ஒங்க நல்லதுக்குத்தான் அக்கா. பெருசாக்குனா பயல இன்னும் உள்ள வச்சிருப்பாங்க. காய்ச்சல்னு சொல்லிருங்க. டாக்டர்கிட்ட மருந்துத் துண்டு நான் எடுத்துத் தாறேன்."

"தேர்தல் வேணும்னு கேக்கத்தான் தம்பி எம்மவன் போனான்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அன்று அவர் சுமந்து வந்த அரிசி பொய்யில்லை. அதுதான் வீரம்மாவை அதிகமாக வருத்தியது. முழுக்கக் கெட்டவர் என்றால் மனம் இப்படி வலித்திருக்காது. மாரியம்மன் கோவிலில் அவள் வெகுநேரம் நின்றாள். அவரைச் சபிக்க வாய் வரவில்லை. மன்னிக்கவும் வரவில்லை. பொய் சொல்லாமலிருக்க மட்டும் பலம் கேட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை அவள் நடந்ததைச் சொல்லச் சொல்ல நிரோஷினி எழுதினாள். பேனையை நிறுத்தி, இதில் பெயர் போட்டால் தோட்டத்தில் தொந்தரவு வருமே, யோசித்துத்தான் சொல்கிறீர்களா என்று மெதுவாகக் கேட்டாள்.

"காய்ச்சல்னு எழுதுனா நான் வராதது என் குத்தமாயிரும்," என்றாள் வீரம்மா. "அப்புறம் அவன் காதுக்கு யாரு பதில் சொல்றது? எழுதுங்க."

எழுதியதை ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். தலைவரின் பெயர் வந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு பேனையை வாங்கி, மெதுவாகக் கையெழுத்துப் போட்டாள்.