நிற்பதா, உட்காருவதா

என் அக்காவின் உடம்பில், இருக்கக் கூடாத இடங்களில் எலும்பு வளர்ந்தது. முதலில் எங்காவது தசை வீங்கும், வலிக்கும். சில வாரத்தில் வீக்கம் வடியும். வடிந்த இடத்தைத் தொட்டால் கல் மாதிரி இருக்கும். அது புது எலும்பு. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்து மூட்டு அசையாது.

ஒன்பது வயதில் முதுகில் வந்த முதல் வீக்கத்தைக் கட்டி என்று நினைத்து ஒரு டாக்டர் வெட்டி எடுத்தார். வெட்டிய இடத்தில் முன்பைவிடப் பெரிதாக வளர்ந்தது. நோய்க்குப் பெயர் தெரிய இன்னும் ஆறு வருடம் ஆனது. பெயரைக் கண்டுபிடித்த டாக்டரம்மா இரண்டு விஷயம் சொன்னார்: குணப்படுத்த மருந்து இல்லை, இனி யாரும் கத்தி வைக்கக் கூடாது. பிறந்தபோதே இரண்டு கால் பெருவிரலும் குட்டையாக உள்பக்கம் மடங்கியிருந்ததே, அதுதான் அடையாளம் என்றார். அம்மா அந்த விரல்களைப் பிடித்துக் கொஞ்சியே வளர்த்திருக்கிறாள்.

பதினேழில் இடது தோள் பூட்டிக்கொண்டது. இருபத்து மூன்றில் வலது முழங்கை, பாதி மடங்கியபடி. அந்தக் கையோடுதான் ஒரு அச்சகத்தில் புரூஃப் பார்த்துப் பிழை திருத்தும் வேலையில் சேர்ந்தாள். தாளைச் சாய்வுப் பலகையில் வைத்தால் பேனா எட்டும். பாடநூல்கள், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் பொடி எழுத்துத் தாள்கள், எல்லாம் அவள் கண்ணைத் தாண்டித்தான் அச்சுக்குப் போகும். சொந்தக் கடிதம் எழுதும்போது, அதிலும் பிழை கண்டுபிடித்துவிடுவாள் என்று முதலாளி அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வாராம்.

முப்பத்து நான்கு வயதில் வலது இடுப்பு வீங்கியது. நான் பஸ் டிப்போவில் மெக்கானிக். அரை நாள் லீவு போட்டு, அம்மாவையும் அவளையும் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். அவர் வீக்கத்தை அழுத்தாமல், விரல் நுனியால் மட்டும் தொட்டுப் பார்த்தார்.

"இடுப்பு பூட்டிக்கிறதை என்னால தடுக்க முடியாது. ஆனா எந்த நிலையில பூட்டிக்கணும்னு ஓரளவுக்கு நீங்க தீர்மானிக்கலாம். நிக்கிற மாதிரியா, உட்கார்ந்த மாதிரியா. ஒரு வாரத்துக்குள்ள சொல்லுங்க."



உட்கார்ந்த நிலைதான் நல்லது என்று அம்மா வீட்டுக்குள் நுழைந்ததுமே சொல்லிவிட்டாள். சக்கர நாற்காலி இருக்கிறது, சாப்பிட வசதி, பார்த்துக்கொள்ளவும் வசதி. எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. இரண்டாவது மாடியில் எங்கள் வீட்டு வாசலையும் லிஃப்டின் அகலத்தையும் டேப் வைத்து அளந்தே விட்டேன்.

அக்கா அளக்கவில்லை. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்து பார்த்தாள். மறுநாள் முழுக்க, சுவரில் சாய்ந்தாவது நின்றாள். பழைய புரூஃப் தாளின் பின்பக்கம் கோடு கிழித்து, இரண்டு பக்கமும் எழுதினாள். எனக்கும் காட்டினாள். உட்கார்ந்தால் மல்லாந்து படுக்க முடியாது, கழிப்பறைக்கு ஆள் வேண்டும். நின்றால் கால் மரத்துப்போகும், படுக்க வைக்கவும் எழுப்பவும் ஆள் வேண்டும், ஆனால் இடது காலை ஊன்றி வலது காலை வீசி நடக்கலாம். இப்படியே கீழே வரை போனது. ஒரு பிழைத் திருத்தம்கூட இல்லை.

மூன்றாம் நாள் சாப்பிடும்போது, நிற்கப் போவதாகச் சொன்னாள்.

அம்மா தட்டைத் தள்ளி வைத்தாள். "நின்னா விழுவே. விழுந்தா அடிபட்ட இடத்துலயும் எலும்பு வளரும். டாக்டரம்மா சொன்னது காதுல விழலையா?"

"விழுந்துச்சு."

அதோடு பேச்சு நின்றது. இரண்டு நாள் அம்மா அவளோடு பேசவில்லை. தலை வாரிவிட்டாள், சட்டை மாட்டிவிட்டாள், எல்லாம் வாய் திறக்காமலே. மூன்றாம் நாள் காலையில் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள்.

"எனக்கப்புறம் யாருடி உன்னைத் தூக்கி நிறுத்துவா?"

அக்கா மெதுவாகச் சொன்னாள். "தூக்கி நிறுத்த ரெண்டு நிமிஷம்மா. அதுக்கு யாரையாவது கேட்டுக்குவேன். உட்கார்ந்துட்டா நாள் முழுக்க என்னைச் சுமக்கணும். அதை நான் யார்கிட்டயும் கேக்க முடியாது."

நான் பக்கத்தில்தான் இருந்தேன். நான் இருக்கேன் என்று அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். அம்மா என்னைப் பார்த்தாள், பிறகு மீதிப் பொத்தான்களைப் போட்டாள்.

அன்று டிப்போவில் கழித்துப் போட்ட பஸ்ஸிலிருந்து இரண்டு கைப்பிடிக் கம்பிகளைக் கேட்டு வாங்கினேன். ஒன்றைக் கட்டிலோரச் சுவரில் பதித்தேன். இன்னொன்றை வளைத்து, இடுப்பு சாய்ந்து நிற்க ஒரு தாங்கி பற்றவைத்து அச்சகத்தில் கொண்டுபோய் வைத்தேன். முதலாளி அவள் மேசைக்குக் கீழே நாலு பக்கமும் மரக்கட்டை கொடுத்து உயர்த்தினார்.

எட்டு வாரம் அக்கா காலை நீட்டியே வைத்திருந்தாள். வலி தாங்காத நேரத்தில் கால் தானாக மடங்கப் பார்க்கும். அம்மா பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இழுக்க மாட்டாள், இழுக்கக் கூடாது. சும்மா பிடித்துக்கொள்வாள். கடைசியில் எக்ஸ்ரேயில், இடுப்புக்கும் தொடைக்கும் நடுவே ஒரு எலும்புப் பாலம் தெரிந்தது. முழு நேராக அமையவில்லை, பத்து டிகிரி முன்பக்கம் சாய்ந்திருக்கிறது என்றார் டாக்டரம்மா.

"சாய்வெழுத்து மாதிரி," என்றாள் அக்கா. அம்மாவுக்குப் புரியவில்லை. அச்சில் எழுத்தைச் சாய்த்துப் போடுவார்களே, அது என்று நான்தான் விளக்கினேன். விளக்கிய பிறகும் சிரிக்கவில்லை.

மறுவாரம் அக்கா வேலைக்குக் கிளம்பினாள். பஸ் நிறுத்தம் வரை கூடப் போனேன். படியில் ஏற்றிவிட்டதும் கண்டக்டர் எழுந்து, தன் சீட்டில் உட்காரச் சொன்னார். வேண்டாம் என்றாள். அவர் விடவில்லை, இந்த நிலையில் நின்றுகொண்டு வந்தால் தன் மேல்தான் புகார் வரும் என்றார். உட்கார முடியாது என்பதை அக்கா பொறுமையாக இரண்டு முறை சொன்னாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, கம்பியோரம் நின்ற ஆட்களை நகரச் சொல்லி இடம் பண்ணிக் கொடுத்தார்.

பஸ் போனது. நான் எதிர்ப்பக்கம் கடந்து டிப்போவுக்கு நடந்தேன்.