சுவர்ப்பக்கத்துக் காது

கட்டிலின் கால்மாட்டைப் பிடித்து ஸக்கியா மறுபடியும் இழுத்தாள். அது அசையவில்லை. அவளுடைய கல்யாணத்துக்கு வாப்பா செய்து கொடுத்த பலாமரக் கட்டில். மேலே கிடந்த அவள் கணவர் பஸீர் மெலிந்து காற்றாகிவிட்டார், கட்டில் மெலியவில்லை.

"இப்ப என்னத்துக்கு உம்மா கட்டில இழுக்கிறீங்க?" மகள் பர்ஸானா வாசலில் நின்று கேட்டாள். "ஒட்டறை அடிக்கிறத பொறகு பாக்கலாம். ஹாஜியார் வந்துட்டாரு."

"ஒட்டறைக்கு இல்ல புள்ள. மத்தப் பக்கத்தால ஆள் போகணும்."

"இந்தப் பக்கம் எடம் இரிக்கிதானே."

இடம் இருந்தது. அதுதான் தொல்லை. கட்டிலுக்கு வலப்பக்கம் ஒரு கல்யாணப் பந்தியே வைக்கலாம். இடப்பக்கம் சுவர்.

பஸீர் ஒரு நாள் மில்லைத் திறக்க வேண்டும் என்று இருட்டோடு எழுந்து விழுந்தார். மில்லை விற்று எவ்வளவோ காலமாகியிருந்தது. விழுந்ததைக் கேள்விப்பட்டு மகன் றிஸ்கான் கொழும்பிலிருந்து ஓடி வந்து, கட்டிலைச் சுவரோடு தள்ளி, மறுபக்கம் நாற்காலிகளை அடுக்கிவிட்டுப் போனான். நல்ல பிள்ளை, நல்ல யோசனை. சுவரோடு ஒட்டிப்போனது வாப்பாவின் கேட்கும் காது என்பது மட்டும் அவனுக்குத் தெரியாது. அவருக்குக் கேட்கும் காது என்று ஒன்று இருப்பதே அந்த வீட்டில் ஸக்கியாவைத் தவிர வேறு யாருக்கும் நினைவில் இல்லை.

உக்குவளை ஸ்டேஷனுக்குக் கிட்ட மிளகாய்த்தூளும் அரிசிமாவும் அரைத்துக் கொடுக்கும் மில் அவருடையது. எஞ்சின் அவருக்கு வலப்பக்கம் ஓடியது. ஊருக்கெல்லாம் தூள் அரைத்ததில் அந்தக் காதும் சேர்ந்து அரைபட்டுப் போனது. இடது காது அரைகுறையாக மிஞ்சியது. கண்டியில் காது டாக்டர் மெசின் ஒன்றை எழுதிக் கொடுத்துவிட்டு, "கட்டாயம் போடச் சொல்லுங்கம்மா. காது சும்மா கெடந்தா மூளையும் சும்மா கெடக்கப் பழகிரும். பொறகு ஞாபகமும் கெடலாம்" என்றார். பஸீருக்கு அது கேட்கவில்லை. ஸக்கியா பிறகு சொன்னபோது சிரித்தார். மெசினை அவர் மாட்டிய நாட்களைவிட அலுமாரியில் வைத்திருந்த நாட்கள் அதிகம். கடைசியில் அது சீனிப் போத்தலுக்குள் கிடந்து பழுதானது.

ஒன்று கேட்டால் ஒன்று சொல்வார். வீட்டில் சிரிப்பார்கள். செவிடன் காதில் ஊதின சங்கு என்பார்கள். அப்படிச் சிரித்துச் சிரித்தே மறதி வந்ததை யாரும் பார்க்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் எல்லாரும் ருகூவுக்குக் குனிய, இவர் மட்டும் விறைத்து நின்றாராம். "பாவம், தக்பீர் சத்தம் கேட்டிரிக்காது" என்று லீவுக்கு வந்திருந்த றிஸ்கான் சொன்னான். ஸக்கியாவுக்கு அன்றைக்குத்தான் பயம் பிடித்தது. கேட்காதுதான். முன் வரிசை குனிவது கண்ணுக்குத் தெரியுமே. சின்ன வயதிலிருந்து தொழுத மனிதனுக்கு அடுத்தது என்ன என்பது எப்படி விட்டுப் போகும்?

அதன் பிறகு வீட்டில் அவருடன் பேசுவது நின்றது. சாப்பிட வாங்க என்பதற்கு ஒரு கையசைப்பு, படுங்க என்பதற்கு ஒரு கையசைப்பு. கத்தினாலும் கேட்காது, கேட்டாலும் விளங்காது, பிறகு என்னத்துக்கு வாயை நோகடிப்பது என்று விட்டுவிட்டார்கள். ஸக்கியா மட்டும் தினமும் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு கால்மாட்டால் கட்டிலில் ஏறி, சுவருக்கும் அவருக்கும் நடுவில் உட்கார்ந்து, இடது காதோடு வாயை வைத்துப் பேசினாள். தேங்காய் விலை, மாத்தளை பஸ்ஸில் கண்ட சண்டை, பக்கத்து வீட்டு றுக்ஸானாவின் மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பது, எல்லாம். "நீங்க யாரு ஊட்டுப் புள்ள?" என்று அவர் மரியாதையாகக் கேட்பார். இவள் சொல்வாள். மறுநாளும் கேட்பார். ஆனால் அஸர் பாங்கு முடிந்து அவள் ஏறி உட்காருவதற்கு முன்பே அவருடைய முகம் சுவர்ப்பக்கம் திரும்பியிருக்கும். அவளுக்கு அது போதும் என்றுதான் சொல்லிக்கொண்டாள். போதவில்லை. அவள் பேச்சுக்கும் யாரும் காது கொடுத்து நெடுநாளாகியிருந்தது.

ஹாஜியார் உள்ளே வந்தார். பின்னால் றிஸ்கானும் பள்ளியிலிருந்து இன்னும் இரண்டு பேரும். ஸக்கியா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு கால்மாட்டில் ஒதுங்கினாள். வலப்பக்கம் சரித்துப் படுக்கவைத்தால் மூச்சு முட்டுகிறது என்று பஸீரை மல்லாக்கவே விட்டிருந்தார்கள். ஹாஜியார் நாற்காலியை இழுத்துப் போட்டு, அவருடைய வலது காதுக்குக் குனிந்து, கடைசி மூச்சுக்கு முன் காதில் விழ வேண்டிய கலிமாவை நிதானமாகச் சொல்லத் தொடங்கினார். நல்ல குரல். பக்கத்து வீட்டுக்கே கேட்கும்.

"அந்தக் காது இல்ல" என்றாள் ஸக்கியா.

யாரும் திரும்பவில்லை.

"றிஸ்கான், வாப்பாக்கு அந்தக் காது கேக்காது. மத்தக் காதுல சொல்லச் சொல்லுங்க."

"ரெண்டும் கேக்காதுதானே உம்மா." அவன் கண்கள் சிவந்திருந்தன. "வாப்பாக்கு இப்ப ஒண்ணும் விளங்காது. ஓதுறது நம்மட கடமை. சும்மா இரிங்க."

பஸீரின் முகம் மெதுவாகச் சுவர்ப்பக்கம் திரும்பியது. எல்லாருக்கும் அது தலை தொய்ந்து விழுந்தது மாதிரித்தான் தெரிந்தது. ஹாஜியார் கன்னத்தில் கை வைத்து, பக்குவமாக, தன் பக்கம் திருப்பிவிட்டார்.

ஸக்கியா கால்மாட்டில் கை ஊன்றினாள். அந்நிய ஆண்களுக்கு முன்னால் கட்டிலில் ஏறுவதா என்ற வெட்கம் ஒரு நொடி பிடித்து நிறுத்தியது. பிறகு முழங்காலைத் தூக்கி வைத்தாள். றிஸ்கான் வந்து தோளைப் பிடித்தான். முரட்டுத்தனமாக அல்ல, மிகவும் அன்பாக.

"விழுந்துருவீங்க உம்மா. வாங்க, மத்தப் பொம்புளைகளோட இரிங்க."

"ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டு எறங்கிர்றேன்."

"பொறகு சொல்லலாம் உம்மா."

அவன் அவளை நடுவீடு வரைக்கும் அணைத்துக் கூட்டிக்கொண்டு போனான். பர்ஸானா தண்ணீர் கொடுத்தாள். ஸக்கியா கோப்பையைக் கையில் வைத்திருந்தபோதே உள்ளே கலிமா நின்றது. பிறகு ஹாஜியார், "இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்" என்றார்.

ஆண்கள் குளிப்பாட்டினார்கள். வெள்ளைக் கபன் துணி இட்டார்கள். முகம் பார்க்கக் கூப்பிட்டபோது எல்லாரும் அழுதார்கள், அவளும் அழுதாள். கூட்டம் பின்னால் இருந்து தள்ளியது. அஸருக்கு முன்னால் அவரைச் சுமந்த சந்தூக்கு வாசலைத் தாண்டியது. பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. ஜன்னலால் பார்த்தவளுக்கு வளைவு வரைக்கும் வெள்ளைத் தொப்பிகள் தெரிந்தன, பிறகு ஒரு முச்சக்கர வண்டி குறுக்கே வந்து மறைத்தது.

ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். "நல்ல மவுத்து மதினி. கலிமாவக் கேட்டுக்கிட்டே போனாரு. யாருக்குக் கெடைக்கும்?" ஸக்கியா தலையாட்டினாள். கேட்கவில்லை என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது? கடைசி நேரத்தில் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக் காத்திருந்தார், அங்கே யாரும் இருக்கவில்லை. அது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

போனவர்கள் திரும்பினார்கள். றிஸ்கானின் காற்சட்டையில் முழங்கால் வரைக்கும் சிவப்பு மண். அவன் கிணற்றடியில் கால் கழுவும்வரை அவள் பக்கத்தில் நின்றாள்.

"மண் மூடின பொறகு வாப்பாக்குத் தல்கீன் சொல்லிக் குடுத்தது யாரு மகன்?"

"ஹாஜியார்தான்."

"சத்தமாவா?"

"ஓ உம்மா. மேல ரோட்டுக்கே கேட்டிருக்கும்."

அடுத்துக் கேட்கப்போவது அவளுக்குத் தெரியாத விஷயம் இல்லை. இருந்தாலும் குழிக்குள் இறக்கிவைத்தவன் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

"எந்தப் பக்கம் சரிச்சு வெச்சீங்க?"

றிஸ்கான் நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வை அவளுக்குப் பழக்கமானது. மில்லைத் திறக்கணும் என்று வாப்பா சொல்லும்போதெல்லாம் அவரை இப்படித்தான் பார்ப்பான். அவன் ஈரக் கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, சத்தமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்.

"வலப்பக்கம் உம்மா. மேற்க, கிப்லாவப் பாத்து. எல்லாரையும் அப்படித்தானே வெக்கிற. மறந்துட்டீங்களா?"

"இல்ல மகன்," என்றாள். "மறக்கல்ல."

அறையில் கட்டில் நடுவில் கிடந்தது. ஜனாஸாவை எடுக்க வசதியாக ஆண்கள் அதைச் சுவரிலிருந்து இழுத்துப் போட்டிருந்தார்கள். நாலு பேர் பிடித்திருக்க வேண்டும். இப்போது இரண்டு பக்கமும் தாராளமாக ஆள் போகலாம். ஸக்கியா இடப்பக்கத்தால் சுற்றிப் போய், ஏறி, அவர் கிடந்த இடத்தில் மேற்கே பார்த்து வலப்பக்கம் சரிந்து படுத்தாள். வலது காது தலையணையில் அழுந்தியது. இடது காது மேலே இருந்தது, மண்ணுக்குள் அவருக்கு இருப்பது போல.

அடுப்படியில் கோப்பைகள் கழுவும் சத்தம். யாரோ ஒரு பெண் தேயிலை போதாது என்று சொன்னாள். மாத்தளை ரயில் ஸ்டேஷனை விட்டுப் புறப்பட்டுக்கொண்டிருந்தது. பர்ஸானாவும் றிஸ்கானும் துக்கம் காக்கும் இத்தா முடிந்ததும் உம்மாவை யார் கூட்டிக்கொண்டு போவது என்று தணிந்த குரலில் பேசினார்கள். அவளுக்கு விளங்காது என்று நினைத்திருப்பார்கள்.

றிஸ்கான் வாசல் வரைக்கும் வந்தான். அவள் தூங்குகிறாள் என்று எண்ணி, ஓசைப்படாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனான். சத்தங்கள் குறைந்தன. அவள் அசையாமல் கிடந்தாள்.

குறைந்தாலும் கேட்டது.