ஐரின் டீச்சரின் மிச்ச மருந்து

ஐரின் டீச்சருக்கு எதையும் வீணாக்கத் தெரியாது. சாக்பீஸ் துண்டைக்கூட நகத்தால் பிடித்து எழுதித் தீர்ப்பவள். சோழவந்தானில் ஒரு மிஷன் பள்ளியில் எல்கேஜி வகுப்பு அவளுடையது. பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதும் தாய்மார் மிச்சமிருக்கிற பாதி ஆன்டிபயாடிக் சிரப்பைத் தூக்கிப் போடப் பார்த்தால், "கொண்டாங்க இங்க, இன்னொரு பிள்ளைக்கு ஆகும்" என்று வாங்கி வகுப்பு அலமாரியில் வைத்துக்கொள்வாள். எந்தப் பிள்ளைக்கு உடம்பு சுட்டாலும் அதிலிருந்து ஒரு மூடி ஊற்றுவாள்.

"ஆயிரம் பேரைக் கொன்னவன் அரை வைத்தியனாம். நீங்க எத்தன பேர்ல நிக்கிறீங்க டீச்சர்?" என்று தலைமையாசிரியை பிலோமினாள் கேலி செய்வார். ஐரினும் சேர்ந்து சிரிப்பாள். சிரிக்கிற காலம் அது.

அவள் வகுப்பு ஆர்த்திகாவுக்கு நாலு வயது. அம்மா மலையம்மாள் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுகிறவள். பிள்ளைக்குச் சளியும் இல்லை, இருமலும் இல்லை, திடுதிப்பென்று காய்ச்சல் வரும். ஒன்றுக்குப் போகும்போது பாவாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அலறும். முதல் தடவை ஐரின் கொடுத்த சிரப்பில் மூன்றே நாளில் காய்ச்சல் விட்டது. மருந்தையும் அத்தோடு விட்டார்கள். ஒரே வருஷத்தில் மூன்று தடவை இப்படி. "யாத்தே, எங்க டீச்சர் கைராசி யாருக்கு வரும்!" என்று மலையம்மாள் தெருவெல்லாம் சொன்னாள். பாவி மனசு, அந்தப் பேச்சு ஐரினுக்கும் இனித்தது.

நாலாவது தடவை காய்ச்சல் விடவில்லை. ஐரின் வேறு பாட்டிலை எடுத்தாள். அது வீரியமானது என்று யாரோ ஒரு தாய் சொல்லிக் கொடுத்தது. இரண்டு நாள் ஊற்றினார்கள். மூன்றாம் நாள் பிள்ளைக்கு வாந்தி, தூக்கிப் போடுகிற குளிர். மலையம்மாளும் ஐரினும் ஆட்டோ பிடித்து மதுரைக்கு ஓடினார்கள்.

குழந்தை டாக்டர் சிறுநீரைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, "இதுக்கு முன்னாடி என்ன மருந்து குடுத்தீங்க?" என்று கேட்டார்.

மலையம்மாள் முந்திக்கொண்டாள். "ஒன்னுமில்ல சார், கசாயம்தான்." டீச்சரைக் காட்டிக்கொடுக்கக் கூடாதாம்!

ஐரின் முன்னால் வந்தாள். மறைத்தால் பிள்ளை போய்விடும். சொன்னாள், ஒன்று விடாமல் சொன்னாள். ஆனால் இங்கிலீஷில் சொன்னாள். டாக்டர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். பக்கத்தில் நின்ற தாய்க்கு ஒரு வார்த்தைகூட விளங்கவில்லை.

"என்ன டீச்சர் சொன்னீக?"

"நல்லாப் பாருங்கன்னு சொன்னேன்." கூசாமல் அந்த நாக்கு சொன்னது.

பிள்ளையை வார்டில் சேர்த்த மூன்றாம் நாள் ரிப்போர்ட் வந்தது. டாக்டர் ஐரினைத் தனியாக அழைத்துக் காட்டினார். பதினாறு மருந்துகளின் பெயர். பதினாலுக்கு நேரே 'கேட்காது' என்று குறி.

"அரகொறையாக் குடுத்துக் குடுத்து நிப்பாட்டுனதுல, மருந்தையெல்லாம் இந்தக் கிருமி பாத்துப் பழகிருச்சும்மா. மிஞ்சுனது ரெண்டு, ரெண்டும் ஊசி. வலது கிட்னி வீங்கியிருக்கு. ஊசி போட்டிருக்கோம்."

"இதுவும் கேக்கலைன்னா சார்?"

"கேக்கணும்" என்றார், அவ்வளவுதான்.

ஐரின் வார்டுக்கு வந்தபோது ஆர்த்திகா கண் திறக்காமல் கிடந்தாள். உடம்பு இன்னும் கொதித்தது. மலையம்மாள் அந்த நிலையிலும் டீச்சரைப் பார்த்துச் சிரித்தாள்.

"டீச்சர், இங்க சேத்த அன்னைக்குச் சாயங்காலம் துணிமணி எடுக்க ஊருக்குப் போனேன்ல, எங்க தெரு முத்திருளன் மகளும் இதே மாதிரி பாவாடையப் புடிச்சுக்கிட்டு அழுதா. நம்ம சிரப்பு மிச்சம் இருந்துச்சுல்ல, குடுத்துட்டு வந்தேன். வீணாக்கக் கூடாதுன்னு நீங்கதான சொல்லுவீக."

ஐரின் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இந்த முறை தமிழில் சொன்னாள். "மலையம்மா, உம் பிள்ளைய இந்தக் கட்டில்ல போட்டது அந்த மிச்ச மருந்துதான். குடுத்தது நான். அன்னைக்கு டாக்டர்ட்ட அதத்தான் சொன்னேன். ஒனக்குப் புரியக்கூடாதுன்னுதான் இங்கிலீஷ்ல சொன்னேன்."

 மலையம்மாள் திட்டவில்லை. மடியிலிருந்த போனை எடுத்து முத்திருளன் வீட்டைக் கூப்பிட்டாள். அவன் மனைவியின் குரல் வார்டுக்கே கேட்டது.

"அக்கா, காச்சல் விட்டுருச்சுக்கா! பிள்ள தெருவுல ஓடுறா. மருந்த நிப்பாட்டிட்டோம்."

ஆர்த்திகாவுக்கும் முதல் தடவை அப்படித்தான் விட்டது.