அக்காவா தங்கச்சியா

...அதுவும் நெத்திலி கழுவிக்கொண்டிருக்கிற கையோடு போனை எப்படித் தொடுவது, அது பாட்டுக்கு அடுப்பு மேடையில் கிடந்து சிணுங்குகிறது, முழங்கையால் தட்டிப் பார்த்தால் அவர்தான், வேறு யார், பாறை இடுக்கில் ஒரு மஞ்சள் பூவைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார், அதற்குக் கீழே ஒரே வரி: அக்காவா தங்கச்சியா? அவ்வளவுதான். சாப்பிட்டாயா, ராத்திரி இருந்த தலைவலி விட்டதா, அதெல்லாம் கிடையாது. சென்னையிலிருந்து வந்த இரண்டு பெரிய ஆட்களை வல்லநாட்டுப் பக்கத்துப் பாறைச் சரிவில் ஏற்றி நிறுத்திவிட்டு, கொஞ்சம் ஒதுங்கி வந்து இதை அனுப்பியிருப்பார், எனக்குத் தெரியாதா அவரை. தாவரவியல் துறைத் தலைவர் இசக்கிராஜா, மில்லர்புரத்து வீட்டில் மீன் கழுவுகிற பெண்டாட்டியிடம் பூவுக்குப் பெயர் கேட்கிறார். கேட்கட்டும். அக்கா, தங்கச்சி என்பதே நான் வைத்த பெயர்தான். இரண்டும் சூரியகாந்தி குடும்பத்துக் காட்டுப்பூ, மேலேயிருந்து பார்த்தால் அச்சு அசல் ஒன்றுபோலவே இருக்கும், கார்த்திகை மழை நின்றதும் அந்த வெந்து கிடக்கிற பாறையில் இரண்டும் சேர்ந்தே முளைக்கும், சேர்ந்தே பூக்கும். பூவைக் காம்போடு கிள்ளிக் கவிழ்த்துப் பார்த்தால்தான் சங்கதி தெரியும். அக்காவுக்கு அடியிலிருக்கிற பச்சைச் செதில்கள் பூவை இறுக்கிப் பிடித்திருக்கும், தங்கச்சிக்கு வெளியே மடங்கித் தொங்கும். அக்கா ரோட்டோரமெல்லாம் கிடக்கிறாள், ஆடு தின்கிறது. தங்கச்சி அந்தச் சரிவில் மட்டும்தான் இருக்கிறாள் என்று அவருடைய கட்டுரை சொல்கிறது. அவருடைய கட்டுரை! அது நிஜமா என்று பார்க்கத்தான் இன்றைக்கு அந்த இரண்டு பேரும் வந்திருக்கிறார்கள், அக்காவைக் காட்டித் தங்கச்சி என்றாரானால் சிரித்துவிட்டு இறங்கிப் போய்விடுவார்கள், இத்தனை வருஷத்துப் பேரும் அதோடு போச்சு.

அந்தச் சரிவில் முதலில் பூவைக் கவிழ்த்தவள் நான். கல்யாணமான புதிது, இரண்டு பேருமே ஆராய்ச்சி மாணவர்கள், உள்ளங்கையை ஊன்றினால் தோல் உரிகிற பாறையில் குந்தி உட்கார்ந்துகொண்டு, "ஏங்க, இது வேறங்க, இங்க வந்து பாருங்க" என்று கத்தினேன். "வெயிலு ஒனக்கு மண்டையில ஏறிட்டு ஏளா, வா, பஸ் போயிரும்" என்று சிரித்தார். சிரித்தவர்தான் பிறகு நான் கவிழ்த்துப் பிரித்துக் கொடுத்த பூக்களை வைத்தே டாக்டர் பட்டம் வாங்கினார். எனக்கு மசக்கை வந்தது. "புள்ளத்தாச்சி பாறையில ஏறி பூப் பறிக்காளாம், ஊரு சிரிக்கும்லா" என்று அத்தை ஒரு பக்கம், "ரெண்டே வருசம், பொறவு நீ விட்ட எடத்துல இருந்து புடிச்சுக்கிடலாம்" என்று இவர் ஒரு பக்கம். எங்கே பிடிப்பது? பிள்ளை வளர்ந்து கோயம்புத்தூரில் படிக்கிறான், நான் விட்ட இடம் எதுவென்றே யாருக்கும் ஞாபகமில்லை. கட்டுரை அச்சாகி வந்தபோது கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லியிருந்தார், வழிகாட்டிக்கு, கல்லூரிக்கு, ஜீப் ஓட்டிய செந்தூர்பாண்டிக்கு, என் மனைவிக்கு. ஜீப் ஓட்டினவருக்குப் பெயர் இருந்தது, ஜெயபிரியா என்ற பெயர் எங்கேயும் இல்லை. கேட்டதற்கு, "மனைவின்னா நீதான, வேற எவ இருக்கா" என்று அதற்கும் சிரித்தார். வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது.

ஆனால் ஒன்று, இதை வெளியில் சொன்னால் வெட்கம்... வருஷா வருஷம் மழைக்குப் பிறகு இந்தப் படம் வருமே, அதற்காகக் காத்திருப்பேன். எத்தனை கூட்டத்தில் மாலை வாங்கினாலும் இந்த ஒரு விஷயத்துக்கு என்னிடம் வந்துதானே ஆகவேண்டும் என்று ஒரு தெம்பு. அவருக்குக் கவிழ்த்துப் பார்க்கத் தெரியாது, பொறுமை கிடையாது, பூவைப் பார்த்ததும் மேலேயிருந்து ஒரு படம், அனுப்பு வீட்டுக்கு. இதுவும் மேலேயிருந்து எடுத்ததுதான். வேறு யாராலும் சொல்ல முடியாது, எனக்கு அந்தக் காம்பு சாய்ந்து நிற்கிற விதமே போதும். தங்கச்சி. சந்தேகமே இல்லை. கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தேன், 'த' என்று அடித்தேன், அழித்தேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவர் அந்தப் பெரிய மனுஷர்கள் முன்னால் முழிக்கட்டுமே, என்ன கெட்டுப்போகும்? இவ்வளவு நாள் நான் முழிக்கவில்லையா? 'அக்கா' என்று அடித்து அனுப்பிவிட்டேன். உடனே நீல டிக் விழுந்தது. சந்தோஷமாக இருந்தது, பொய் எதற்கு, சந்தோஷமாகத்தான் இருந்தது. மறுபடி நெத்திலியை எடுத்துத் தலையைக் கிள்ளினேன்.

கொஞ்ச நேரத்தில் அவரே கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டேன், பாறைக் காற்று இரைந்தது. "ஏளா, என்ன அக்கான்னு அனுப்பிருக்க? செதிலு மடங்கித் தொங்குதே, தங்கச்சில்லா இது. ஒனக்குப் படம் அனுப்புறதுக்கு முன்னாலயே அவங்களுக்குக் கவுத்துக் காட்டிட்டேன், லென்ஸ வச்சுப் பாத்துட்டு ஆமான்னுட்டாங்க."

கவிழ்த்துக் காட்டினாரா, இவரா? "அப்ப எங்கிட்ட எதுக்குக் கேட்டிய?" என்றேன்.

"சும்மாதான், எப்பமும் கேக்கதுதான..." என்று இழுத்தார். பிறகு ரொம்ப மெதுவாக, காய்ச்சல்காரியிடம் பேசுகிற மாதிரி, "விடு ஏளா. வருசம் எவ்வளவு ஆச்சு, மறக்கத்தான செய்யும்" என்றார். போனை அணைக்காமலே பக்கத்தில் யாரிடமோ, "எங்க வீட்டுல ஒரு காலத்துல இதெல்லாம் நல்லாத் தெரியும் சார்" என்பதும் கேட்டது. ஒரு காலத்தில்! எனக்குத் தெரியும், தெரிந்தேதான் மாற்றிச் சொன்னேன் என்று கத்தவேண்டும்போல இருந்தது. கத்தினால் நான் கேடுகெட்ட பொம்பளை, கத்தாவிட்டால் ஒன்றும் தெரியாதவள். இரண்டில் எதுவாக இருப்பது என்று தீர்மானிப்பதற்குள் போன் அணைந்துவிட்டது. பாத்திரத்துத் தண்ணீர் கலங்கிக் கிடந்தது, மாற்றத் தோன்றவில்லை. இவர் எப்போது கவிழ்க்கக் கற்றுக்கொண்டார்? யார் சொல்லிக் கொடுத்தது, நான் இல்லையே. போன வருஷம் கேட்டாரே, அப்போதும் தெரியுமா? அதற்கு முந்தின வருஷம்? அப்படியானால் இந்தப் படங்களெல்லாம்... பூவைப் பற்றி ஒரு தடவையாவது அவர் நிஜமாகத் தெரியாமல்தான் கேட்டாரா?