கட்அவுட்டில் வில்லங்கம்

ரஞ்சித் திருடன் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. எப்படித் திருடுகிறான் என்பதுதான் பிடிபடவில்லை.

என் கார் அறுபத்து நாலாம் வருஷத்துப் பிளசர். கூரையை அறுத்து, பின்னால் மீன் வால் வைத்து, கல்யாண ஊர்வலத்துக்கென்றே நான் மாற்றிக் கட்டிய வண்டி. நாளைக் காலை என் மகள் ஆஷ்லின் விழுப்புரத்திலிருந்து அதில்தான் தன் கல்யாணத்துக்குத் திண்டிவனம் மாதா கோயிலுக்குப் போக வேண்டும். ஊரார் வீட்டு மணப்பெண்கள் அதில் ஏறுவதைப் பார்த்துப் பார்த்து, தன் முறைக்குக் காத்திருந்தவள்.

பழைய கட்அவுட் உயிரை விட்டதும் பேஜாரு தொடங்கியது. தியேட்டர் வாசல் கட்அவுட் இல்லை. டைனமோவின் கரண்டைப் பேட்டரிக்கு விடுகிற சின்னப் பெட்டி; அது போனால் பேட்டரி இறங்கி வண்டி படுத்துவிடும். மெக்கானிக் ரஞ்சித் புதுசு மாட்டினான். ஒரே கல்யாணத்தில் செத்தது. "டூப்ளிகேட் மாட்டிட்டான் படுபாவி. அவன் பொருள்லயே ஏதோ வில்லங்கம் இருக்குது" என்று வீட்டில் கத்தினேன். அடுத்ததும் போனது. அதற்கடுத்ததை நானே புதுச்சேரியில் வாங்கி, பின்பக்கம் நெயில் பாலிஷில் சிலுவை போட்டு அவனிடம் கொடுத்தேன். அதுவும் போனது. கழற்றிப் பார்த்தால் சிலுவை அப்படியே இருக்கிறது. மாற்றவில்லை, சரி. உள்ளே ஏதோ கைவைத்திருக்கிறான், எமகாதகப் பயல். நேற்று இன்னொன்று மாட்டியவனை ஒர்க்‌ஷாப்பில் எல்லோர் முன்னாலும் திருட்டுப் பயலே என்று திட்டிவிட்டு வந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனான். குற்றமுள்ளவன் அப்படித்தான் போவான்.

இன்று காலை, அவன் ஆள் யாராவது வண்டியைத் தொடுகிறானா என்று ஜன்னலோரம் நின்று பார்த்தேன். வந்தது என் மனைவி அமல்ராணி. பானட்டைத் தூக்கி, கட்அவுட் மூடியைத் திறந்து, கண்ணை மூடி ஜெபித்து, பாட்டிலில் இருந்த தீர்த்தத்தை உள்ளே ஊற்றினாள். சாமியார் உப்பு மந்திரித்துப் போட்ட தண்ணீர்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். பெட்டிக்குள் சொட்டச் சொட்ட நீர். கழற்றிப் போட்டிருந்த பழசுகளையும் திறந்தேன். கடைசியாகப் போன இரண்டிலும் செம்பெல்லாம் உப்பரித்துப் பச்சை பிடித்துக் கிடந்தது.

"எல்லாத்துக்கும் ஊத்தினியா?"

"மொதல்ல மாட்டினதுக்கு ஊத்தலங்க. நீங்கதான கத்தினீங்க, அவன் பொருள்ல வில்லங்கம் இருக்குதுன்னு. நம்ம பொண்ணு போற வண்டியாச்சே. அதான் அப்புறம் வந்ததுக்கெல்லாம் ஊத்திக்கினு இருந்தேன்."

வெட்கம் பிடுங்கித் தின்றது. ரஞ்சித்துக்குப் போன் போட்டேன்.

"தம்பி, தப்பெல்லாம் என் மேலதான். ஜல்தி ஒரு கட்அவுட் எடுத்துக்கினு வாப்பா."

"திருட்டுப் பய பொருள நம்பிப் பொண்ண ஏத்தாதீங்கண்ணே. ஷேர் ஆட்டோ நெறைய ஓடுது."

வைத்துவிட்டான். உள்ளே ஆஷ்லின், காரில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் போட்டோ நன்றாக வரும் என்று தோழியிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.