கோட்டின் தடிமன்

கரைக்கோட்டு வரைபடம் அரசிதழில் வெளியான மறுநாள், செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு, கடல் தையல்காரியின் வீட்டுக்குள் வந்து இடுப்பளவுக்கு நின்றது. வீட்டில் எதுவும் நனையவில்லை. அப்போது அவள் ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். விரல் நீள வெள்ளி மீன் ஒன்று வாசல் வழியாக வந்து, தையல் மெஷினின் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அடுப்படிப் பக்கம் போனது. துணியில் போட்டிருந்த சாக்பீஸ் கோடு கரையவில்லை. கையை விட்டுப் பார்த்தாள், சில்லென்றிருந்தது. நாக்கில் வைத்தாள், உப்புக் கரித்தது. வெளியே எடுத்தாள், காய்ந்திருந்தது. கரையிலிருந்து நன்றாக உள்ளடங்கிய வீட்டில் குடியிருந்த பக்கத்து வீட்டுக்காரி கொடியில் துணி உலர்த்தியபடி எட்டிப் பார்த்தாள். “என்னக்கா, வீட்டுக்குள்ள கடலு?” “வந்திருக்கு.” “நனையுதா?” “நனையல.” “அப்புறம் என்ன, விடுங்க” என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த துணியை உதறினாள். மத்தியானம் சாப்பிட வந்த தையல்காரியின் புருஷன், படகு எஞ்சின் மெக்கானிக், வாசலில் நின்று கால்சட்டையை முழங்காலுக்கு மேல் மடித்தார். நனைக்காத தண்ணீருக்கு எதற்கு மடிப்பு என்று பிரித்துவிட்டார். கண்ணெதிரே நிற்கிற கடலை மதிக்காமல் போவதும் முறையில்லை என்று பட்டது. கடைசியில் இடது காலை மட்டும் மடித்துக்கொண்டு உள்ளே போனார். அதன்பிறகு அந்த வீட்டுக்கு வந்த எல்லாரும் அப்படியே செய்தார்கள். யாரும் யாருக்கும் சொல்லித் தரவில்லை.

கடல் ஏன் வந்தது என்று ஒருவனுக்கு மட்டும் தெரியும், அதுவும் அரைகுறையாக. அவன் தையல்காரியின் தம்பி, கரையோரக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவன். அலுவலகத்தில் அவனை அரை மில்லி என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டம் மிக எளிமையானது, அதனால்தான் யாருக்கும் புரியவில்லை. வருடத்தின் உச்ச அலை எதுவரை ஏறுகிறதோ அங்கே ஒரு கோடு. கோட்டுக்குக் கடல்பக்கம் சிக்கிய கட்டடம் இடிக்கப்படும். கோட்டுக்குக் கரைப்பக்கம் பழைய வீடு இருக்கலாம், புதிதாக ஒரு செங்கல்கூடக் கூடாது. வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் நாலு மீட்டர். கோடு போடுகிற பேனாவின் முனை அரை மில்லி. ஆகவே கோடே தரையில் இரண்டு மீட்டர் அகலத்துக்குப் படுத்திருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அவன் அதிகாரியிடம், “சார், அந்த ரெண்டு மீட்டர் கடலா, கரையா?” என்று கேட்டான். அதிகாரி மின்விசிறியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, “அது கோடுய்யா” என்றார். பெயர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது.

உச்ச அலை நாளில் அவனும் அலுவலக ஆட்களும் அலை ஏறிய இடத்தைக் குறித்துக் கரை முழுக்கக் குச்சி நட்டுக்கொண்டே போனபோது நூற்றுப் பதினேழாவது குச்சி அக்கா வீட்டின் பின்சுவருக்கு வெளியே, துணி துவைக்கிற கல்லை ஒட்டி விழுந்தது. அக்கா எல்லாருக்கும் டீ கொடுத்தாள். “இது என்னத்துக்குடா?” என்றாள். “சும்மா ஒரு அளவுக்கா” என்றான் அவன், டீயை ஊதுகிற சாக்கில் குனிந்துகொண்டு. அந்தக் கரையில் குச்சிக்குக் கடல்பக்கம் மாட்டியவை இரண்டுதான்: ஓட்டல்காரரின் நீச்சல் குளம் ஒன்று, பன்னிரண்டு வருடம் மெஷின் மிதித்து எழுப்பிய தையல்காரியின் வீடு ஒன்று. நீச்சல் குளத்துக்கு மேலிடத்தில் ஆள் இருந்ததால் அதன் குச்சிகள் அளவு குறிக்கிற களப் புத்தகத்திலேயே இடம் மாறிக்கொண்டன. தையல்காரிக்குத் தம்பி இருந்தான்.

தம்பி மூன்று நாள் கண்ணாடி மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். நூற்றுப் பதினாறுவரை கோடு ஒழுங்காக வந்தது. அதற்கு மேல் கை ஏறவில்லை. குச்சியை நகர்த்தினால் அவனுக்கும் ஓட்டல்காரருக்கும் என்ன வித்தியாசம். நகர்த்தாவிட்டால் அவனுக்கும் இடிக்கிற பொக்லைனுக்கும் என்ன வித்தியாசம். வீடு வாசற்படியிலிருந்து பின்சுவர்வரை எட்டு மீட்டர். எட்டு மீட்டர் என்றால் காகிதத்தில் இரண்டு மில்லி. வரைபடத்தின் தலைப்பு எழுத வைத்திருந்த இரண்டு மில்லி பேனா அவன் கைக்குப் பக்கத்திலேயே கிடந்தது. கோட்டின் ஓர் ஓரம் குச்சியில், மறு ஓரம் வாசற்படியில். பொய் என்று ஒரு புள்ளிகூட இல்லை. அதிகாரி தாளைத் தூக்கிப் பார்த்தார். “என்னய்யா, இங்க மட்டும் எலி முழுங்கின பாம்பு மாதிரி வீங்கியிருக்கு?” “பேனா கசிஞ்சிடுச்சு சார்.” “சுரண்டிடேன்.” “சுரண்டினா தாள் கிழிஞ்சிடும் சார்.” அரசிதழுக்கு மறுநாள் அனுப்பியாக வேண்டும். அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

கடல் அரசிதழ் படிக்கும் என்பதை அவன் யோசிக்கவில்லை. வெளியான மறுநாளிலிருந்து கரை நெடுகக் கடல் வரைபடத்தின்படி நடந்துகொண்டது. ஏற்றத்தில் கோடுவரை வரும், நிற்கும், திரும்பும். ஓட்டலுக்கு முன்னால் வந்ததும், சாப்பாட்டு மேசைக்கு இடையில் தட்டோடு போகிற பரிமாறுகிறவரைப் போல் உடம்பை ஒடுக்கி நீச்சல் குளத்தைச் சுற்றிக்கொண்டு போகும். தையல்காரியின் வீட்டுக்கு வந்தால்தான் அதற்குக் குழப்பம். கோட்டில் நிற்கலாம், தாண்டக் கூடாது. ஆனால் கோடே ஒரு வீடு அகலம். ஆகவே வந்தும் வராமலும் நின்றது.

ஏழு வருடம் இப்படிப் போனது. கடலுக்குள் மின் இணைப்புக்கு விதியில்லை என்று மின்வாரியம் எழுதியது. சரி, படகாகவாவது பதிந்துகொடுங்கள் என்று கேட்டதற்கு, கரையில் கட்டியது படகாகாது என்று துறைமுகத்தார் எழுதினார்கள். மெக்கானிக் எங்கிருந்தோ ஒரு பழைய படகின் பதிவு எண்ணைக் கொண்டுவந்து வாசற்கதவில் பெயின்ட்டால் எழுதினார். இரண்டு அலுவலகமும் வாயை மூடிக்கொண்டன. மீன்கள் நேரம் தப்பாமல் வந்துபோயின. ஒரு நண்டு மட்டும் பொத்தான் டப்பாவிலேயே குடியேறிவிட்டது. துணி தைக்க வந்தவர்கள் அளவு கொடுக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டார்கள். அப்படி அளந்து தைத்த சட்டைகள் எல்லாம் ஒரு சுற்றுத் தொளதொளவென்றிருந்தன. “பகல் பூரா கடல் மூஞ்சியில முழிச்சிட்டு வீட்டுக்கு வந்தா, இங்கயும் காலை நீட்டி உக்காந்திருக்கு, மாமியார் வீட்டு ஆளாட்டம்” என்று மெக்கானிக் சலித்துக்கொண்டார். அரை மில்லி ஞாயிற்றுக்கிழமைதோறும் சாப்பிட வந்து, தட்டின் மேல் மீன் நீந்துவதைப் பார்த்தும் பார்க்காதவன்போல் சாப்பிட்டுவிட்டுப் போனான். அவன் செய்தது உதவியா உபத்திரவமா என்று அவனுக்கே பிடிபடவில்லை.

எட்டாவது வருடம் அலுவலகத்துக்குக் கணினி வந்தது. எல்லாக் கோட்டையும் அதற்குள் ஏற்ற வேண்டும், ஒவ்வொரு குச்சியையும் களப் புத்தகத்தோடு அது சரிபார்க்கும், ஒரு மீட்டர் பிசகினாலும் ஒத்துக்கொள்ளாது, இடிக்க வேண்டிய வீட்டை அதுவே பட்டியல் போட்டுக் கொடுத்துவிடும் என்றார்கள். அரை மில்லி முதல் வேலையாக ஒரு கோடு போட்டு அதைப் பெரிதாக்கிப் பார்த்தான். ஊர் பெரிதானது, தெரு பெரிதானது, தெருவின் விளக்குக் கம்பம் பெரிதானது. கோடு மட்டும் மயிரிழையாகவே நின்றது. கணினியில் கோட்டுக்குத் தடிமன் கிடையாது. அக்காவின் வீடு இனி ஒரு பக்கத்துக்குத்தான் போக முடியும், குச்சி இருக்கிற இடத்தைப் பார்த்தால் அது எந்தப் பக்கம் என்பதும் தெரிந்ததுதான்.

அவன் சொல்லிவிடப் போனபோது கடல் ஏறும் நேரம். அக்கா வாயில் குண்டூசியோடு, இளைத்துப்போன ஒரு வாடிக்கையாளரின் சட்டையைப் பிரித்துப் போட்டிருந்தாள். அத்தான் நாற்காலியில், இடது கால் மடிப்போடு. “அக்கா, அன்னைக்கிக் குச்சி நட்டது உன் சுவருக்குப் பின்னால” என்றான். அவள் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். “துவைக்கிற கல்லுகிட்ட. தெரியுமே. நான்தானே டீ கொடுத்தேன்?” “அப்போ ஏன் கேக்கல?” “நீயா சொல்லுவேன்னு இருந்தேன். நீ என்னடான்னா ஏழு வருஷமா சாப்பிட்டுட்டே இருக்க.” அத்தான் குறுக்கே வந்தார். “மச்சான், ஒண்ணே ஒண்ணு சொல்லு. நாங்க இருக்கிறது கடலா, கரையா? எனக்கு ஒத்தக்கால் விறைச்சுப்போச்சு.” “கோட்டுல இருக்கீங்க அத்தான். இந்த மாசத்தோட சரி. இனிமே கோட்டுக்கு உள்ள இடம் கிடையாதாம். வீட்டை இடிப்பாங்க.” அக்கா சட்டையின் பக்கவாட்டை உள்ளுக்கு இழுத்துப் பிடித்து ஓட்டிக்கொண்டிருந்தாள். அவன் துணியைப் பார்த்து, “மிச்சத் துணியை வெட்டிட மாட்டியா?” என்று கேட்டான். “வெட்டிட்டா, மனுஷன் மறுபடி சதை போட்டா எங்க போறது? உள்ள மடிச்சுப் பிடிச்சிடுவேன். அத்தனை துணியும் உள்ள பத்திரமா இருக்கும். வெளியேருந்து பாத்தா ஒரு கோடு, அவ்வளவுதான்” என்றாள். நூலைப் பல்லால் கடித்தாள். “போடா, போய் உன் கோட்டைப் போடு. கையை நடுங்க விடாத, கோணலா வந்தா பாக்க நல்லாருக்காது.”

மறுநாள் அவன் கணினி முன் உட்கார்ந்து நூற்றுப் பதினாறுவரை ஏற்றினான். நூற்றுப் பதினேழுக்கு முதலில் வாசற்படியில் ஒரு புள்ளி வைத்தான். பிறகு பின்சுவரில், குச்சி இருந்த அதே இடத்தில், இன்னொரு புள்ளி. ஒரே எண்ணுக்கு இரண்டு புள்ளிகளைப் பார்த்ததும் கணினி திகைத்து ஒரு கட்டம் காட்டியது: இரண்டு புள்ளிகளையும் ஒன்றாக்கலாமா? ஆம், இல்லை. ஒன்றாக்கினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியாது. எட்டு மீட்டருக்குள் அக்கா இருக்கிறாள், அத்தான் இருக்கிறார், மெஷின், அடுப்பு, நண்டு எல்லாம் இருக்கிறது என்பது மட்டும் தெரியும். சட்டையின் மடிப்பை நினைத்துக்கொண்டு ஆம் என்பதை அழுத்தினான். இரண்டும் சேர்ந்து ஒரே புள்ளியானது. களப் புத்தகத்தோடு வித்தியாசம் பூஜ்யம் என்று கணினி பாராட்டியது. இடிக்க வேண்டிய வீடுகளின் பட்டியல் வெற்றுத்தாளாக வெளியே வந்தது.

புதிய வரைபடம் திங்கட்கிழமை வெளியானது. செவ்வாய்க்கிழமை பதினொன்றே காலுக்கு அரை மில்லி கரையில் ஓடிக்கொண்டிருந்தான். பக்கவாட்டிலிருந்து பார்த்தபோது வீட்டைக் காணோம். வெறும் மணல், அதற்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரியின் துணிக்கொடி. இன்னும் பத்தடி போய்க் கடல் பக்கமிருந்து திரும்பிப் பார்த்தான்: சுவர், ஜன்னல், படகு எண் எழுதிய கதவு எல்லாம் உலர்த்திய துணிபோல் தட்டையாக நிமிர்ந்து நின்றன. மறுபடி பக்கவாட்டில் வந்தான், ஒன்றுமில்லை. “அக்கா!” என்று கத்தினான். “கதவு திறந்துதானே இருக்கு, எதுக்கு ஊரைக் கூட்டுற?” என்று குரல் வந்தது. உள்ளே போனான். எட்டு மீட்டரும் இருந்தது. இடுப்பளவுக் கடலும், நண்டும், சட்டைகளும் இருந்தன. அவன் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணையும் முகத்தையும் துடைத்துக்கொண்டான். அந்த ஈரம் மட்டும் காயவில்லை. அத்தான்தான் கோபமாக இருந்தார். “பின்வாசல் வழியா வெளிய போனா முன்வாசல்ல வந்து நிக்கிறேன் மச்சான். அதுக்குள்ள மூணு தடவை. துவைக்கிற கல்லுக்குப் போறதுக்கே வழி கேக்கணும் போல.”

கடல் காட்சியைத் தையல்காரியின் வீடு மறைக்கிறது என்று ஓட்டல்காரர் மனு கொடுத்ததால், இரண்டு வாரம் கழித்து அதிகாரி பொக்லைனோடு வந்தார். பொக்லைன் ஓட்டுநர் வண்டியைப் பக்கவாட்டில் நிறுத்தி, வாளியை நீட்டிக் காற்றில் இரண்டு முறை துழாவினார். “எதை சார் இடிக்கிறது? ஒண்ணுமே இல்லியே.” முன்பக்கம் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னார் அதிகாரி. முன்பக்கம் கதவு திறந்திருந்தது. “உள்ள ஒரு அம்மா தைச்சிட்டிருக்காங்க சார், எப்படி விடுறது?” என்று ஓட்டுநர் இறங்கியே விட்டார். அதிகாரி டேப்பை எடுத்து வெளியே அளந்தார்; வாசற்படிக்கும் பின்சுவருக்கும் இடையில் டேப்பின் நுனி நுழையவில்லை. இடது காலை மடித்துக்கொண்டு உள்ளே போய் அளந்தார், எட்டு மீட்டர். வெளியே வந்து இன்னொரு தடவை, உள்ளே போய் இன்னொரு தடவை. பிறகு கூட வந்திருந்த அரை மில்லியைத் தனியாகக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில், “என்னய்யா இது?” என்றார்.

“கோடு சார்” என்றான் அரை மில்லி.

அதிகாரி மேலே பார்த்தார். அங்கே மின்விசிறி இல்லை, வானம்தான் இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஆய்வுப் படிவத்தைப் பொக்லைனின் சக்கரத்தின் மேல் வைத்து எழுதினார். கட்டடம்: இல்லை. குடியிருப்போர்: இருவர். கடல் காட்சிக்கு இடையூறு: பார்க்கிறவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தார். பொக்லைன் புகையைக் கக்கிக்கொண்டு ஓட்டல் பக்கமாகத் திரும்பிப் போனது. அதிகாரி மட்டும் வாசலில் தயங்கி நின்றார். அரை மில்லியிடம் தன் ஜீப்பிலிருந்து ஒரு பையை எடுத்துவரச் சொல்லி, அதிலிருந்த புதிய கால்சட்டையைத் தையல்காரியிடம் நீட்டினார். “இதுல இடது காலை மட்டும் நாலு விரல் குறைச்சிக் கொடுங்கம்மா. இனிமே வருஷா வருஷம் ஆய்வுக்கு வர வேண்டியிருக்கும்.”

அவள் துணியை விரித்து சாக்பீஸால் கோடு போட்டாள். வெட்ட மாட்டேன், உள்ளே மடித்துத்தான் பிடிப்பேன் என்றாள். வியாழக்கிழமை, கடல் இறங்கின பிறகு, முன்வாசலோ பின்வாசலோ எதில் வேண்டுமானாலும் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னாள்.