நான்காம் கல்

“ஆத்தா, மணி அடிக்காட்டி, அப்பா செத்துப்போனது சாமிக்கு எப்படித் தெரியும்?”

மதுரை மாநகரின் தென்மேற்கே, கப்பலூர் நெடுஞ்சாலைக்கும் அப்பால், நெல்லரிந்த தாள்கள் வயலெங்கும் பழுப்பேறி நிற்க, அவற்றிடையே கொக்குகள் யாரோ கைமறந்து விட்டுச்சென்ற வெண்துணிகள்போல் அமர்ந்திருக்க, பனைகளின் நிழல் கண்மாய்க்கரையைத் தொட்டுக்கொண்டிருந்த ஒரு மாலையில், கொன்றையூரணி என்னும் சிற்றூரில் ஏழு அகவைச் சிறுவன் ஒருவன் கேட்ட கேள்வி இது. ஐம்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. கேட்டவன் தவசி, கேட்கப்பட்டவள் அவன் தாய் பாண்டியம்மாள். அவளோ, பாடையில் கிடந்த கணவன் கருப்பின் கால்விரல்களைப் பிணைத்திருந்த துணியை அவிழ்ப்பதும் மீண்டும் கட்டுவதுமாக இருந்தாள்.

அவ்வூர்க் கிறித்தவருள் எவர் மறைந்தாலும், உடல் வீட்டைவிட்டு நீங்கும் நேரம் முதல் மண்ணுள் இறங்கும் நேரம் வரை கோயில் மணி விட்டுவிட்டு ஒலிப்பது வழக்கம். கோயிலின் திறவுகோலும் மணிக்கயிறும் மூப்பர் பால்பாண்டியின் பொறுப்பில் இருந்தன. ஊரின் பாதி நன்செயும் அவருடையதே. கருப்போ, அந்நன்செயில் நாளெல்லாம் குனிந்த கூலியாள். திருமுழுக்குப் பெற்று ஓராண்டே ஆனவன். அவ்வாண்டு அறுப்பில் கூலிநெல் ஒரு படி கூட்டிக் கேட்டு, கிடைக்காமையால் அரிவாளைக் கீழே வைத்தவன். மூப்பர் அதை மறக்கவில்லை. மணிக்கயிற்றை அவிழ்த்துச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு தெருநடுவே நின்று, “என் வயல்ல எறங்காதவனுக்கு என் கோயில் மணி அடிக்காது. தூக்கிட்டுப் போங்கடா” என்றார்.

பாடை மணியோசையின்றிப் புறப்பட்டது. கோயிலை அது கடந்த வேளையில், கயிறற்ற அந்த மணி ஒரே ஒருமுறை ‘ணங்’ என்று ஒலித்தது. தூக்கியோர் நின்று அண்ணாந்து பார்த்தனர். மேலே எவரும் இல்லை. மனிதன் அடிக்க மறுத்த மணியை இறைவனே அடித்தான் என்று சிறுவன் தன் நெஞ்சில் எழுதிக்கொண்டான். அதன் கீழே, மறுத்தவனை ஒருநாள் நான் அடிப்பேன் என்றும் எழுதிக்கொண்டான்.

அன்புடையீர், ஒரே குழியில் ஊன்றிய மாவும் எட்டியும்போல, இறைப்பற்றும் பழிவேட்கையும் அவனுள் வேர்பின்னி வளர்ந்தன. பசுமலையில் இறைநூல் பயின்று அவன் போதகரானான். முதலில் கடல்கடந்த வானொலி ஒன்றிற்குத் தம் குரலைப் பதிந்து அனுப்பிவந்த போதகர் தவசி, பின்னர்ப் பழங்காநத்தத்தில் பாத்திரக்கடையொன்றின் மாடியறையைப் பிடித்து, தெருவின் இரைச்சல் புகாதவாறு சுவரெங்கும் முட்டை அட்டைகளை ஒட்டி, கேபிள் கம்பிவழியே வீடுகளை எட்டும் ஓர் ஒலிபரப்பைத் தமக்கெனத் தொடங்கினார். ‘விடியல் மணி’ என்பது அதன் பெயர். நாள்தோறும் காலை ஆறு மணிக்கு, கயிறற்ற மணி ஒலித்த கதையை முதலில் கூறுவார். மூப்பர் பெயரைச் சொல்லமாட்டார். அதன்பின், இன்ன தெரு, இன்ன சமயம் என்று பாராமல், உற்றார் சீட்டில் எழுதித் தந்த, முந்தைய நாள் மறைந்தோர் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்து, பெயருக்கு ஒருமுறை சிறு வெண்கல மணியைத் தட்டுவார். முப்பது ஆண்டுகளாக அக்குரல் கேட்டு விழித்த வீடுகள் எண்ணற்றவை. இன்று அது கைப்பேசிகளிலும் ஒலிக்கிறது.

கடுகளவு நன்மையும் வீணாகாது என்று அவர் பிறர்க்கு ஓதினார்; அவ்வாறே நடக்கவும் செய்தார். தெருப் பெருக்கும் பெண்களுக்கு நாள்தோறும் மோர் வைத்தார். நோயுற்றோர் படுக்கையருகே விடியுமட்டும் அமர்ந்தார். ஆயினும், பல்லாயிரம் பெயர்களை அவர் உரைத்தது ஒரே ஒரு பெயரை, மூப்பரின் பெயரை, உரையாதிருப்பதற்காகவே. அந்தப் பெயர் ஒருநாள் சீட்டில் வரும். அதனைக் கடந்து அடுத்த பெயருக்குச் செல்வேன். ஊரெல்லாம் கேட்டிருக்க, அவனுக்கு மட்டும் மணி ஒலிக்காது. இந்த நினைவைச் சாணைபிடித்த அரிவாள்போல் அவர் நாள்தோறும் தடவிப் பார்த்துக்கொண்டார்.

சென்ற தைத் திங்களில், ஒரு நண்பகலில், அந்தச் சீட்டு வந்தது. நரைத்த தலையும் வியர்த்த முகமுமாய்ப் படியேறி வந்த பெண்ணொருத்தி அதை மேசைமேல் வைத்தாள்.

“கொன்றையூரணிப் பால்பாண்டி மக மலையம்மாள் நான். அப்பா இன்னைக்கு விடியக்காலம் போயிட்டாருண்ணே. நாளைக்குப் பத்து மணிக்கு அடக்கம். அதுக்கு முன்ன உங்க வாயால பேரு வரணும்.”

போதகர் புன்னகைத்தார். பசித்த வேங்கை பொறுத்திருந்து பார்க்கும் பார்வை அது.

“இந்தச் சீட்டுக்குத்தான் தாயி, முப்பது வருசமா இந்த மாடியில உக்காந்திருக்கேன். வாசிக்க மாட்டேன். உங்கப்பன் அன்னைக்குக் கயித்த அவுத்தான். நான் இன்னைக்கு நாக்கக் கட்டுறேன். சரியாப்போச்சு.”

“இப்பிடித்தான் சொல்வீகன்னு தெரியும்ணே. நாங்களுந்தான் தெனமும் கேக்குறோமே.”

“உங்கப்பனுமா?”

“நாலு வருசமாக் கெடையில கெடந்தாரு. ஆறு மணியானா போனக் காதுகிட்ட வைக்கச் சொல்வாரு. உங்க கதை வர்றப்பக் கண்ண மூடிக்குவாரு. நிப்பாட்டவாப்பான்னு கேட்டா, வேணாம்னு கையாட்டுவாரு.”

எய்த அம்பு நாள்தோறும் தைத்திருக்கிறது என்று அறிந்த வில்லவனின் களிப்பு அவர் முகத்தில் படர்ந்தது. “நல்லாக் கேட்டிருக்கட்டும்! மனுசன் கயித்த ஒளிச்சான், ஆண்டவர் அடிச்சாரு. மணியில விழுந்த அடியில்ல அது. உங்கப்பன் மூஞ்சியில விழுந்த அடி.”

மலையம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துடைத்த முகத்தில் சிறுநகை ஒன்று இருந்தது.

“ஏண்ணே, ஆண்டவருக்குக் குறி அம்புட்டு மோசமாவா இருக்கும்?”

“என்ன சொல்ற?”

“மூணு கல்லு ஓட்டுல விழுந்து, நாலாவதுதானே மணியில பட்டுச்சு!”

மணி ஒலிக்கும் முன்னர்க் கோயில் ஓட்டின்மேல் ‘தட், தட், தட்’ என்று மும்முறை எழுந்த மங்கிய ஓசையை அன்று போதகரும் கேட்டிருந்தார். அதை அவர் தாயிடமும் கூறியதில்லை, ஒருநாளும் ஒலிபரப்பியதில்லை. கதைக்குப் பொருந்தாமையால் விட்டுவிட்டவர் அவரே.

“எனக்கு அப்ப எட்டு வயசு” என்றாள் அவள். “எங்க வயல்ல வேல பாக்கயில ஒங்கப்பா எனக்குப் பனங்கா வண்டி செஞ்சு குடுப்பாரு. அவர மணி அடிக்காமத் தூக்கிட்டுப் போறாகளேன்னு, கோயிலுக்குப் பின்னால நின்னு எறிஞ்சேன். ஓடு மூணு ஒடைஞ்சுச்சு. மூணு நாளு எனக்குச் சோறு கெடையாதுன்னுட்டாரு எங்கப்பா.”

“இம்புட்டு வருசமா ஏன் சொல்லல?”

“சொன்னா ஒங்க சாட்சி கெட்டுப்போகுமே. நாலு பேரு அதக் கேட்டுத் திருந்துறாக, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன். இப்பக்கூட அப்பாவுக்குச் சிபாரிசா இதச் சொல்லலண்ணே. ஆண்டவரு அவரு மூஞ்சியில அடிச்சாருன்னீகளா, பொறுக்கல. சீட்டு இங்கனயே இருக்கட்டும். வாசிக்கிறதும் வாசிக்காததும் ஒங்க பாடு. வாரேன்.”

அவள் இறங்கிப் போன பின்னர், கீழே பாத்திரக்கடையில் குடங்கள் ஒன்றோடொன்று மோதும் ஓசையைக் கேட்டவாறே அவர் அந்தச் சீட்டை மற்றச் சீட்டுகளின் அடியில் செருகினார். அரை நூற்றாண்டாக அவர் ஏந்திய வாளின் பிடி, பகைவன் வீட்டுச் சிறுமி ஒருத்தி எறிந்த கல்லாக இருந்தது. அவளை வெறுக்க முயன்றார்; இயலவில்லை. மூப்பரை மன்னிக்க முயன்றார்; அதுவும் இயலவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, முப்பது ஆண்டுகளில் முதன்முறையாக, அவர் அந்தக் கதையைக் கூறவில்லை. “அந்த மணியை அடித்தவர் யார் என்று அறியாமலே இத்தனை நாள் பேசிவிட்டேன், பொறுத்தருளுங்கள்” என்று மட்டும் சொன்னார். பதினொரு பெயர்களைப் படித்தார். மணி பதினொரு முறை ஒலித்தது. பன்னிரண்டாம் சீட்டில் அவர் நா ஒட்டிக்கொண்டது. கேட்டுக்கொண்டிருந்தோர் ஒலிபரப்பு அறுந்துவிட்டதென்றே எண்ணியிருப்பர். பின்னர், உமியில் புதைந்த கனலை வெறுங்கையால் எடுப்பவர்போல், “பால்பாண்டி. கொன்றையூரணி” என்றார், மணியைத் தட்டினார்.

அதனோடு முடிந்ததென்று அவர் நெஞ்சு ஒப்பவில்லை. இந்த மணி மலையம்மாள் கேட்டுப் பெற்றது, அவர் ஊரறியக் கொடுத்தது. அவளோ, எவரும் கேளாமல், எவரும் அறியாமல் கொடுத்தவள்.

பத்து மணிக்கு அவர் பேருந்திலிருந்து கொன்றையூரணியில் இறங்கினார். ஊர் முழுவதும் நெடுஞ்சாலையோரத்துப் புதிய கல்லறைத் தோட்டத்திற்குச் சென்றிருந்தது. அங்கே ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. புதுக்கோயில் எழுந்தபின் கைவிடப்பட்ட பழங்கோயில், கருவேலம் புதர்களிடையே, கயிறற்ற மணியோடு தனித்து நின்றது. அவர் அதன் பின்புறம் சென்று, குனிந்து, கல்லொன்றைப் பொறுக்கினார்.

முதற்கல் புதரில் விழுந்தது. இரண்டாவது, கூரை ஓடொன்றை உடைத்தது. தோள் வலித்தது, மூச்சு வாங்கியது. எட்டு அகவைச் சிறுமிக்கு நான்கே கற்கள் போதியிருந்தன, போதகருக்கு ஏழாயின. பகைமை எத்துணைப் பெரிய கோட்டையாயினும், அதன் சுவரில் முதற்கல்லைப் பெயர்ப்பது பெரும்பாலும் ஒரு சிறு கைதான். அக்கைக்குரிய கடனைச் சொல்லால் அடைக்க வழியில்லை.

‘ணங்’ என்று எழுந்த ஒலி அறுவடை முடிந்த வயல்களின்மேல் ஒருமுறை பரந்து அடங்கியது. கொக்குகள் எழுந்து, மீண்டும் அமர்ந்தன. போதகர் கையில் ஒட்டிய மண்ணை வேட்டியில் துடைத்துக்கொண்டு, வந்த வழியே பேருந்துக்கு நடந்தார்.